முன்னே நடந்தவர்
பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945)

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டு கோலார் தங்க வயலில் சுரங்க வேலையைக் கையில் எடுத்த பின்பு, வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தன. நாளடைவில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். எந்தச் சத்தம் கேட்டால் விலக வேண்டும், எந்தப் பாறையின் கீழ் நிற்கலாகாது என்பதைப் புதிதாக இறங்கும் வாலிபனுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பித்துவிட இயலாது. முன்னே இறங்கிப் பழகிய ஒருவரின் விளக்கு வெளிச்சத்தைப் பின்பற்றிப் போய்த்தான் அவன் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விசுவாச வாழ்க்கையும் பெரும்பாலும் அவ்விதமே கற்கப்படுகிறது. எலியாவின் பின்னே எலிசா நடந்தான். பவுலோடு பிரயாணம் பண்ணித்தான் தீமோத்தேயு ஊழியக்காரனானான். பிரசங்கத்தினால் மனம் அசைந்தவர்கள் அநேகர். ஆனால் அசைந்த மனம் நிலைத்து நிற்க வேண்டுமானால், கண்முன்னே வாழ்ந்துகாட்டும் ஒரு மூத்த விசுவாசி தேவைப்படுகிறார். இந்திய சபையின் வரலாற்றில் இதைத் தெளிவாக உணர்ந்து, தம் ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்த ஒருவர் உண்டு. அவரும் தமிழர். அவரும் ஊரை விட்டுச் சுரங்க வட்டாரம் ஒன்றுக்குப் புறப்பட்டுப் போனவர். ஆனால் அவர் போனது தங்க வயலுக்கு அல்ல. நிஜாம் சமஸ்தானத்தில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை பிரிந்த தோர்ணக்கல் என்னும் ரயில் சந்திப்புக்கு. கூலிக்காகவும் அவர் போகவில்லை.

வெள்ளாளன்விளை

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், அக்காலத் திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளை என்னும் பனங்காட்டுச் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். இந்துக் குடும்பத்துப் பிள்ளையாக மெஞ்ஞானபுரம் மிஷன் பள்ளிக்குப் படிக்கப் போனவர், அங்கே ஊழியம் செய்த ஜான் தாமஸ் ஐயரின் வாழ்க்கையால் இழுக்கப்பட்டுக் கிறிஸ்தவரானார். அந்த மிஷனெரியின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆகவே முன்மாதிரி ஒருவரைப் பார்த்துத் திரும்பிய வாழ்க்கை என்பது அசரியாவுக்குத் தம் வீட்டுக் கதையே.

தாயார் எலன் அம்மையார் நெடுங்காலம் ஜெபித்துப் பெற்ற பிள்ளை அவர். அன்னாளைப் போலக் கேட்டுப் பெற்றதனால் சாமுவேல் என்ற பெயரும் இடப்பட்டது. 1889ல் தந்தை மறைந்தார். அதன்பின் தாயார், மெஞ்ஞானபுரத்தில் பெண்கள் விடுதிப் பள்ளியில் பணிபுரிந்து மகனை வளர்த்தார். கண்டிப்பான தாய். வேதவாசிப்பும் ஜெபமும் அந்த வீட்டில் சொல்லிக் கொடுக்கப்பட்டவை என்பதைவிட, தினமும் நடந்தவை என்பதே பொருந்தும். பிற்காலத்தில் பேராயராக ஆன பின்பும், விடியுமுன் எழுந்து தம் பொறுப்பில் இருந்தவர்களை நினைத்து ஜெபிக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

திருநெல்வேலியில் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மில்லர் துரை முதல்வராக இருந்த நாட்களில் பட்ட வகுப்பில் சேர்ந்தார். இறுதித் தேர்வு வேளையில் நோய் வந்தது; தேர்வை முடிக்க இயலவில்லை. திரும்பவும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்காக நிலத்தை விற்கும் குடும்பங்கள் நிறைந்த தேசத்தில் இது சாதாரண முடிவு அல்ல. இருபத்தொரு வயதில், 1895ல், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் ஊழியரானார். தென்னிந்தியப் பட்டணங்களில் வாலிபரைச் சந்திப்பதும், வேதபாட வகுப்பு நடத்துவதும், அவர்களோடு நடந்து, உண்டு, ஜெபிப்பதும் அடுத்த பதினான்கு ஆண்டுகள் அவருடைய வேலையாயின.

இக்காலத்தில் இரண்டு உறவுகள் அவரை உருவாக்கின. 1896ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்னும் செல்வந்த வாலிபர் அவருக்கு உயிர்த்தோழரானார். இருவரும் கிராமங்களில் சேர்ந்து ஊழியம் செய்தார்கள். வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேஜையில் உண்பதே அரிதாக இருந்த நாட்களில் இது பலரின் புருவங்களை உயர்த்தியது. 1898ல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புக்குள் முதன்முதல் காலெடுத்து வைத்தவர்களில் ஒருவர் இந்த அம்மையார். பின்னாளில் தோர்ணக்கலில் பெண்களிடையே நடந்த வேலையின் பெரும்பங்கு இவருடையது.

யாழ்ப்பாணத்தில் வந்த வெட்கம்

1902ல் ஊழியத்தின் நிமித்தம் யாழ்ப்பாணம் போனார் அசரியா. அங்கே கண்ட ஒரு காரியம் அவரை உறங்கவிடவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள்ளே ஒரு மிஷனெரி சங்கம் அமைத்து, சொந்தக் காசு சேர்த்து, கடல் கடந்து தமிழ்நாட்டின் தொண்டிக்கு ஊழியரை அனுப்பி வந்தார்கள். சிறிய தீபகற்பத்தின் சிறிய சபை அது. திருநெல்வேலிச் சபையோ அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பள்ளிகள், கல்லூரி, கோபுரம் உயர்ந்த ஆலயங்கள் எல்லாம் உடையது. திருநெல்வேலித் தமிழர் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். வடஆற்காட்டார் தங்க வயலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டத் தெரிந்த ஜனத்துக்குச் சுவிசேஷத்துக்காக எல்லை தாண்டத் தோன்றவில்லையே என்ற வெட்கம் அவரைப் பிடித்தது. யாழ்ப்பாணத்திலேயே முழங்காலில் நின்று ஒரு தீர்மானத்தோடு ஊர் திரும்பினார்.

அதன் பலனாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் கேட்கப்படவில்லை. திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையே ஆதாரம். அடுத்த ஆண்டே சங்கத்தின் ஊழியம் நிஜாம் சமஸ்தானத்தின் தெலுங்குக் கிராமங்களில் தொடங்கியது.

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்தில் கேரி ஐயர் ஊழியம் செய்த செராம்பூரில், பல மாகாணங்களிலிருந்தும் பல சபைப் பிரிவுகளிலிருந்தும் வந்த பதினேழு பேர் கூடினார்கள். இந்திய தேசிய மிஷனெரி சங்கம் அங்கே நிறுவப்பட்டது. கபூர்தலா அரச குடும்பத்து ராஜா ஹர்னாம் சிங் தலைவர். அசரியா பொதுச் செயலர். ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. பஞ்சாபின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் அதன் முதல் பணித்தளம் திறக்கப்பட்டது.

செயலர் என்ற முறையில் அசரியா இந்தியா முழுவதும் சுற்றினார். கல்லூரி கல்லூரியாகப் போய், படித்த வாலிபரைச் சந்தித்து, எட்டாத இடங்களுக்குப் போகும்படி வேண்டினார். பேச்சு வன்மை இருந்தது, பெயரும் இருந்தது. 1907ல் ஜப்பானில் டோக்கியோ நகரில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்கும் போய் வந்தார். ஆயினும் ஒரு கேள்வி அவர் உள்ளத்தைக் குடைந்தது. போ, போ என்று பிறர் பிள்ளைகளை அனுப்புகிறவன் தான் ஏன் போகவில்லை?

கூடாரமே வீடு

இந்தக் கேள்விக்கு அவர் அளித்த பதிலில்தான் அவருடைய பிற்கால ஊழியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உயர்ந்த பதவி, ஊர் ஊராக மரியாதை, பட்டணத்து வாழ்க்கை யாவையும் விட்டு, 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருச்சபையின் உதவிக் குருவாக அபிஷேகம் பெற்று, தாம் தொடங்கிய சங்கத்தின் மிஷனெரிகளில் ஒருவராகத் தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போனார்.

தேசிய மிஷனெரி சங்கத்தின் பொறுப்பு அவருடைய கல்லூரித் தோழர், சேலத்துக்காரரான கே. டி. பால் அவர்களின் தோளுக்கு வந்தது. பால் 1916ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலரான முதல் இந்தியராகவும் ஆனார். தாம் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்று அசரியா நினைத்ததாகத் தெரியவில்லை. சங்கங்களைத் தொடங்கியவர்கள் பலருக்கு இது வாய்ப்பதில்லை. நாற்காலியோடு ஒட்டிப்போகிறவர்களே அதிகம்.

தோர்ணக்கல் அப்போது காட்டோரத்து ரயில் நிலையம். ஆரம்பத்தில் கூடாரமே வீடாயிற்று. மலேரியாக் காய்ச்சல் அந்த வட்டாரத்தின் நிரந்தரக் குடியாள். தெலுங்கு அவருக்குப் புதிய மொழி. எழுத்துப் பயிலும் சிறுவனைப் போல உட்கார்ந்து படித்தார். சுற்றிலும் இருந்த கிராமங்களில் சுவிசேஷத்துக்குச் செவிகொடுத்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். நிலமற்ற கூலிகள், படிப்பற்றவர்கள், ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்தவர்கள். தங்க வயலின் லைன் வீடுகளை நிரப்பியவர்களும் தமிழ்நாட்டில் இதேபோன்ற சேரிகளிலிருந்து போனவர்களே.

மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேர் வந்திருந்த அந்த மகாசபையில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அங்கே பேசக் கிடைத்த வாய்ப்பில் அசரியா, வெள்ளை மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையில் இருந்த இடைவெளியை எடுத்து வைத்தார். மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இந்திய ஊழியருக்கு இன்னும் கிடைக்காதது நட்பு என்றார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள். சிலர் முகம் சிவந்தார்கள். மேட்டிலிருந்து கீழே கைநீட்டிக் கொடுக்கப்படும் போதனையால் மனிதர் உருவாகமாட்டார்கள், சமமாகப் பக்கத்தில் உட்காருவதால்தான் உருவாவார்கள் என்பதை எடியின் தோழமையில் அவர் அனுபவித்திருந்தார். மற்ற இடங்களில் அது இல்லாத வலியையும் அறிந்திருந்தார். இந்த இரண்டையும் அறிந்தவர் என்பதால் அந்தப் பேச்சுக்குக் கனம் இருந்தது.

பேராயரின் பள்ளிக்கூடம்

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட், இந்தியர் ஒருவரைப் பேராயராக்க வேண்டும் என்று விடாமல் முயன்றார். எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. ஆங்கில மிஷனெரிகள் பலர் ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்ய விரும்பவில்லை. திருநெல்வேலிச் சபைக்குள்ளேயே சிலர் ஜாதி நோக்கோடு முணுமுணுத்தார்கள். இவற்றைக் கடந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் பெற்றார். புதிதாக உண்டான தோர்ணக்கல் திருமண்டலம் அப்போது மிகச் சிறியது. ஒருசில ஆயிரம் விசுவாசிகள்; விரல்விட்டு எண்ணத்தக்க குருமார்.

அவர் முன் இருந்த வேலையை நினைத்தால் மலைப்பு வரும். கிராமம் கிராமமாக ஜனங்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். அவர்களைப் போதிக்க ஆள் இல்லை. பட்டம் பெற்ற குருமாரைப் பட்டணத்துச் சம்பளம் கொடுத்து வருவிப்பது ஒரு வழி. அசரியா அவ்வழியே போகவில்லை. அந்தச் சேரிகளிலிருந்தே வாலிபரைத் தெரிந்தெடுத்து, அவர்களையே உபதேசியாராகவும் குருவானவராகவும் ஆக்குவது என்று முடிவு செய்தார். கூலிக்காரரின் மகன் அதே கூலிக்காரருக்கு மேய்ப்பனாக வேண்டும். கிராமத்தார் கொடுக்கும் தானியத்திலும் காணிக்கையிலும் வாழத்தக்க எளிமை அவனுக்கு இருக்க வேண்டும்.

இதற்காகத் தோர்ணக்கலில் எழுந்த பயிற்சிப் பள்ளி, அக்காலத்து வேதசாஸ்திரக் கல்லூரிகளைப் போல இருக்கவில்லை. வாலிபர் மனைவி மக்களோடு வந்து தங்கினார்கள். கணவன் வேதம் படிக்கையில் மனைவியும் எழுத்தும் வேதமும் பிள்ளை வளர்ப்பும் சுகாதாரமும் கற்றாள். கிராமத்தார் உபதேசியாரின் பிரசங்கத்தை வாரத்தில் ஒரு நாள் கேட்பார்கள். அவருடைய வீட்டையோ ஏழு நாளும் பார்ப்பார்கள். கணவன் மனைவியிடம் பேசும் விதம், அடுப்படியின் சுத்தம், கள் வாசனை இல்லாத மாலை வேளை, பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் துணிவு ஆகிய இவற்றைப் பார்த்தே சேரி மாறும் என்பதை அசரியா தம்பதியர் கண்டுகொண்டிருந்தார்கள். எனவே அவர்கள் உருவாக்க விரும்பியது தனி ஊழியனை அல்ல, ஒரு வீட்டை. அன்பு அம்மையாரின் படிப்பும் பொறுமையும் இங்கே பயன்பட்ட அளவை வரலாற்று நூல்கள் போதுமான அளவுக்குச் சொல்லவில்லை.

புத்தகப் படிப்போடு இது முடியவில்லை. ஆண்டுதோறும் மாணவர்கள் குடும்பத்தோடு கிராமங்களுக்குப் போய்த் தங்கி ஊழியம் செய்தார்கள். பேராயரும் போனார். மாட்டு வண்டியிலும் நடையிலும் கிராமங்களைச் சுற்றுவதே அவருடைய ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. மரத்தடியில் ஜனங்களை உட்கார வைத்து, வேதக் கதைகளைக் கேள்வி கேட்பார். பரமண்டல ஜெபமும் கட்டளைகளும் விசுவாசப் பிரமாணமும் தெரிகிறதா என்று சோதிப்பார். பதில் சொல்லாத கிழவியிடம் பொறுமை. படிக்காமல் வந்த உபதேசியாரிடம் கண்டிப்பு. பயிற்சி பெறும் வாலிபர் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு பாமரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதைக்காட்டிலும் நல்ல பாடநூல் வேறு கிடைத்திராது.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று எல்லாராலும் நினைவுகூரப்படுகிறது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காமற்போனால் தங்களுக்கு ஐயோ என்ற பவுலின் கருத்தைத் தங்கள் வாயாலேயே சொல்லும்படி செய்தார். நேற்று வரை எழுத்தறியாதவன், இன்று விசுவாசி, இன்றே சாட்சியும்கூட. முதலில் நன்றாகக் கற்று, பின்பு தேறி, அதன்பின் ஒரு நாள் ஊழியம் என்று அவர் தள்ளிப்போடவில்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் சாட்சி வாரமாகக் கொள்ளப்பட்டது. அப்போது உழவனும் கூலிக்காரியும் பள்ளிச் சிறுவனும் குழு குழுவாக அடுத்த கிராமங்களுக்குப் போனார்கள். உண்ணும் அரிசியில் ஒரு பிடியைப் பெண்கள் தினமும் கர்த்தருக்கென்று எடுத்து வைத்தார்கள். ஏழைக்குக் கொடுக்கத் தெரியாது, ஏழையிடம் கேட்கலாகாது என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கேட்காமலிருப்பதே அவனை அவமதிப்பது என்று நினைத்தார். கிறிஸ்தவ ஈகையைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

பலன் கணக்கில் தெரிந்தது. 1920களின் தொடக்கத்தில் திருமண்டலம் விரிவாக்கப்பட்டு, கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளின் பழைய மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. ஆங்கிலேய மிஷனெரிகள் பலர் ஓர் இந்தியப் பேராயரின் கீழ் ஊழியம் செய்தார்கள். அஞ்சியதுபோல ஒன்றும் நடந்துவிடவில்லை. 1941 அளவில் திருமண்டலத்தின் விசுவாசிகள் இரண்டு லட்சத்தைக் கடந்தனர். குருமாரில் மிகப் பெரும்பாலோர் அந்த மண்ணின் பிள்ளைகள். பட்டம் பெறாத அசரியாவுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920ல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது. அவரோ அதைவிட, சேரியிலிருந்து வந்த ஒரு வாலிபன் பிழையின்றித் திருவிருந்து ஆராதனை நடத்துவதைக் காண்பதிலேயே மகிழ்ந்தார்.

மாறாத முரண்கள்

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது உண்மைக்கு விரோதம். நிர்வாகத்தில் இறுக்கமானவர், ஒழுங்கு தவறினவர்களிடம் கடுமை காட்டியவர். மாலா, மாதிகா என்ற பிரிவினை சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து, ஒரே பந்தியில் சாப்பாடு என்று அவர் வற்புறுத்தியும், அந்தச் சண்டை அவர் நாளில் முழுவதும் ஒழியவில்லை. ஜனங்கள் கூட்டமாகக் கிறிஸ்துவண்டை வருவதை 1930களில் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தார். இருவருக்கும் கருத்து ஒத்துவரவேயில்லை. எளிய வாழ்விலும் தீண்டாமை வெறுப்பிலும் ஒருவரையொருவர் ஒத்திருந்த இரு பெரியவர்கள், இக்காரியத்தில் எதிரெதிராக நின்றது அக்காலத்தின் துயரங்களில் ஒன்று. மனம் மாறும் உரிமை சேரிக்காரனுக்கும் உண்டு என்பதிலிருந்து அசரியா இறங்கி வரவில்லை.

இன்னொரு முரண் ஆழமானது. 1912ல் திறந்த கதவு அவரோடு நின்றுவிட்டது. உதவிப் பேராயராக ஓரிருவர் வந்தார்கள். ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகளும் ஒரு திருமண்டலத்தைத் தாமே ஆண்ட ஆங்கிலிக்கன் பேராயர்களில் இந்தியர் அவர் ஒருவரே. அவருக்குப் பின் தோர்ணக்கல் பேராயராக வந்தவரும் எலியட் என்னும் ஐரோப்பியரே. நல்லவர், அசரியாவோடு உழைத்தவர்தாம். என்றாலும் கிராமத்தில் நூற்றுக்கணக்கான தலைவர்களை எழுப்பிய ஒருவரால், மேல்தட்டில் தமக்கு அடுத்த இந்தியரை உட்கார வைக்க முடியவில்லை. அவர் முன்னே நடந்தார். பின்னே வருகிறவர்களுக்கு வழிவிடும் அதிகாரம் வேறு கைகளில் இருந்தது.

ஐக்கியத்துக்காக அவர் எடுத்த முயற்சியும் அவர் கண்காண நிறைவேறவில்லை. 1919ல் தரங்கம்பாடியில் கூடிய இந்திய ஊழியர்கள், பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று விடுத்த அழைப்பின் பின்னால் அவர் இருந்தார். தெலுங்குக் கிராமத்துப் புதிய விசுவாசிக்கு, இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டையைக் கற்றுக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன என்பது அவருடைய வேதனை. தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிறந்தபோது அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

தங்க வயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டன. அந்த ஊர் வாலிபர் இப்போது இருள் பிரியுமுன் மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் உரிகத்திலும் ரயிலேறி, பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். முன்னே விளக்குப் பிடித்துப் போன தகப்பனின் தொழில் அவர்களுக்கு இல்லை. ஞாயிறு ஒரு நாள்தான் அவர்களைச் சபை காண்கிறது. அந்த ஒரு நாளில் பிரசங்கம் கொடுத்தால் போதுமா, அல்லது ரயிலில் அவர்கள் பக்கத்தில் உட்கார ஒரு மூத்த விசுவாசி வேண்டுமா என்பதை அங்குள்ள தமிழ்ச் சபைகளின் பெரியவர்களே தீர்மானிக்க வேண்டும். அசரியா வாலிபரோடு கழித்த ஊழிய நாட்களில் அநேகம் ரயிலிலும் வண்டியிலுமே கழிந்தன என்பதை மட்டும் இங்கே குறிப்பிடலாம்.

இறுதிப் பயணம்

தோர்ணக்கலில் ஒரு பேராலயம் கட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வாஞ்சை. காசு வந்தபோது கட்டுவதும், இல்லாதபோது நிறுத்துவதுமாக அது மெல்ல எழுந்தது. ஐரோப்பியக் கோபுரத்தை அவர் விரும்பவில்லை. குவிமாடங்களும் ஸ்தூபிகளும் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களுமாக, அந்த நாட்டு ஜனங்களின் கண்ணுக்குப் பழகிய வடிவிலே அமைந்தது. 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், கிறிஸ்து வெளிப்பட்ட திருநாளன்று, பிரதிஷ்டை செய்யப்பட்டது. கிராமங்களிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருகாலத்தில் கோயில் வாசலருகே நிற்கவும் தடுக்கப்பட்டவர்கள், தங்கள் சொந்த மண்ணின் சாயலில் எழுந்த ஆலயத்துக்குள்ளே தங்கள் பிள்ளைகளில் ஒருவர் குருவானவராக நின்று ஆராதனை நடத்தக் கண்டார்கள்.

எழுபது வயதிலும் அவர் சுற்றுப்பயணத்தைக் குறைக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் இறுதி நாட்களிலும் கிராமச் சபைகளைச் சந்தித்துவிட்டே திரும்பினார். திரும்பியபோது காய்ச்சல் கண்டிருந்தது. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தோர்ணக்கலில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கூடாரம் அடித்த அதே மண்ணில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புத்தாண்டு ஆராதனைக்குக் கூடியிருந்த கிராமங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது, அதை ஜனங்களுக்கு அறிவிக்க எழுந்து நின்ற உபதேசியார்களில் அநேகர் அவருடைய மாணவர்கள்.